துணிக்கொடியில் எங்கள் வறுமை

"இன்னைக்கு நான் வாயே திறக்கப் போறதில்ல" என்று என் கணவர் கொன்ராடுஸ் சபதம் செய்தபோதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு அவர் தூங்கிக்கூட நான் பார்த்ததில்லை.

மௌமெரே ஊரில் எங்கள் தெருவுக்குப் புது விதி வந்திருந்தது. யார் ஏழை என்று இனி தலைநகர் ஜகார்த்தா முடிவு செய்யாது. அக்கம்பக்கத்தாரே கூடிச் சொல்ல வேண்டும். மாதா கோயில் வாசலில் ஒரு துணிக்கொடி. வீட்டுக்கு ஓர் அட்டை. பரம ஏழை இடது ஓரம், பணக்காரர் வலது ஓரம், நடுவில் சிவப்பு நாடா. நாடாவுக்கு இடப்பக்கம் தொங்குகிறவர்களுக்குத்தான் உதவித்தொகை. எங்கள் கைக்குழந்தை வில்மாவின் பால் அதில்தான். வறுமையைக் கிளிப் போட்டு எப்படித்தான் வரிசைப்படுத்துவார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. கிளிப் நகர்ந்துவிடுமோ என்று பயம். இரண்டோடும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

கொன்ராடுஸ் கிழிந்த சட்டை ஒன்றை இரவல் வாங்கிப் போட்டிருந்தார். "ஃபினா, நீயும் கொஞ்சம் இருமேன்."

"பொய் இருமலா? கான்வென்ட்ல சிஸ்டருங்க என்னை அப்படி வளர்க்கல."

"அப்போ பிள்ளையைக் கிள்ளி அழ விடு."

"உங்களை வேணா கிள்ளறேன்."

தெருத் தலைவி ஆக்னஸ் அக்கா எங்கள் அட்டையை நாடாவுக்கு இடப்பக்கம் மாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. எதிர்வீட்டு செர்வாசியுஸின் அட்டை நாடாவுக்கு வலப்பக்கம், ஒட்டினாற்போல. இடப்பக்கம் இத்தனை வீடுதான் என்று கணக்கு; நாங்கள் நகர்ந்தால் அவர் உள்ளே வருவார்.

"பாவம், தம்பி அங்கயே இருக்கட்டும்" என்று அவர் உச்சுக் கொட்டினார். "தங்கச்சி கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு வாத்தைக் குடுத்து அனுப்பினவன்தானே."

கொன்ராடுஸ் எழுந்துவிட்டார்.

"வாத்தா? பன்னிய்யா, பன்னி! அது நடந்து போனப்போ மாப்பிள்ளை வீட்டு நாயெல்லாம் ஒதுங்கி வழி விட்டுச்சு!"

கிளிப் வலப்பக்கம் நகர்ந்தது.

"என்னங்க, உக்காருங்க."

"இரு. சித்தப்பா சாவுக்கு அரிசி மூட்டை இறக்கினது யாரு? அவர் உடம்புக்கு நெசவுத்துணி போர்த்தினது யாரு?"

அட்டை நாடாவைத் தாண்டியே போய்விட்டது. கொன்ராடுஸ் வெற்றியோடு சுற்றிலும் பார்த்தார். செர்வாசியுஸ், "உன்னைப் போய் ஏழைன்னு நெனச்சேனே தம்பி" என்று கும்பிட்டார்.

வகுப்பில் தூக்குவதுபோல் கையைத் தூக்கினேன்.

"அக்கா, ஒரு சந்தேகம். வீட்டுல இருக்கறதை எண்ணணுமா, வீட்டை விட்டுப் போனதை எண்ணணுமா?"

"இருக்கறதைத்தான்."

"பன்னியைக் கல்யாணத்துல எல்லாரும் சாப்பிட்டாச்சு. செர்வாசியுஸ் அண்ணன் ரெண்டாந்தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அரிசி சாவு வீட்டுல வெந்துச்சு. துணி சித்தப்பாவோட மண்ணுக்குள்ள இருக்கு."

செர்வாசியுஸ் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ வீட்டுல என்னதாம்மா மிச்சம்?" என்றார் ஆக்னஸ் அக்கா.

"நான், வில்மா, இவர்."

ஆக்னஸ் அக்கா கொன்ராடுஸை ஏற இறங்கப் பார்த்தார். "இவரைச் சொத்துல சேர்க்கறதா, செலவுல சேர்க்கறதா?"

"செலவு!" என்றது கூட்டம். எங்கள் அட்டை இடது ஓரத்துக்கே போய்ச் சேர்ந்தது.

"செலவு" என்று முதலில் கத்தியது, முன்வரிசையில் மூத்த மகனோடு உட்கார்ந்திருந்த என் மாமியார்.