ராக்கையாவின் மௌன விரதம்

ஞாயிறு வந்தால் பனியன் கம்பெனிகளுக்கு விடுமுறை; சாமியார் ராக்கையாவுக்கு ஓவர்டைம். முதலிபாளையத்தில் அவர் வீட்டு வாசலில் டோக்கனோடு ஒரு ஊரே நிற்கும். யாரோ சோற்றில் வைத்துவிட்ட செய்வினை மருந்தை, வயிற்றின்மேல் செப்புக் குழாயை வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவாராம். மருந்து வரும், தோலில் ஓட்டை மட்டும் விழாது! ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் திரைக்குள் போய்ப் பூசை. வெளியே வந்தால் மௌன விரதம். அத்தனை பக்தி!

வரிசையில் பனியன் கம்பெனித் தொழிலாளி மயிலாளைப் பார்த்ததும் சுகாதாரத் தன்னார்வலர் சித்ரகலாவுக்குப் பகீரென்றது. மூன்று வாரமாக இருமல். ஆள் பாதியாகிவிட்டாள்.

"ரெண்டு வாரத்துக்கு மேல இருமுனா டி.பி. இருக்குதான்னு சளி டெஸ்ட் எடுக்கோணும் கண்ணு. செல்லுல எங்களுக்கு வர்ற பாடத்துல சொன்னாங்க."

"செல்லப் பாத்துப் படிச்ச வைத்தியமுங்களாக்கா?" மயிலாள் இருமிக்கொண்டே சிரித்தாள். "எங்க நாத்தனா கறிக்கொழம்புல மருந்து வெச்சுட்டாளுங்க. சாமி எடுத்துட்டா சரியாயிரும்."

வரிசையும் சிரித்தது. செல்லில் மருத்துவப் பாடம் வந்தால் சந்தேகம். அதே செல்லில் ராக்கையாவின் வீடியோ வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

வாதாடிப் பயனில்லை. சித்ரகலா பாடத்தை மறுபடி ஓட்டினாள். "சளி கொடுக்கும் முன் வாயை நன்றாகக் கொப்பளிக்கவும்," என்றது செல். வாயில் கிடப்பது கலந்தால் டெஸ்ட் கெட்டுவிடுமாம். அவளுக்குக் குறும்புச் சிரிப்பு வந்தது.

மயிலாளின் முறை. ராக்கையா கன்னம் உப்ப வெளியே வந்து குழாயைக் கையில் எடுத்தார். சித்ரகலா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

"ஒரு வாட்டி வாயக் கொப்புளிச்சுட்டு உறிஞ்சுங்க சாமி."

தலையை ஆட்டினார். கையை ஆட்டினார். கண்ணை உருட்டினார்.

"சாமி விரதமுங்க, பேசக் கூடாதுங்க," என்றார் வரிசையில் ஒருவர்.

"பேச வேண்டாமுங்க. கொப்புளிச்சாப் போதுமுங்க."

மயிலாளுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. "ஒரு வாய்த் தண்ணி தானுங்களே சாமி?" என்றவளுக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. மிரண்டுபோன சாமி மூச்சை இழுக்க, வாய்க்குள் இருந்தது தொண்டையில் அடைத்தது. முகம் நீலம் பாரித்தது. கூட்டம் அருள் வந்துவிட்டதென்று கும்பிட்டது!

சித்ரகலா மட்டும் கும்பிடவில்லை. செல்லில் படித்தபடி அவரைக் குனியவைத்து, முதுகில் ஓங்கி ஐந்து அடி போட்டாள். ஐந்தாவது அடிக்கு, எச்சில் சொட்டச் சொட்ட ஒரு பச்சை உருண்டை வந்து விழுந்தது. பனியன் வேஸ்ட் துணி!

"கொழாய் இன்னும் என்ற வயித்துல படவே இல்லீங்களே, அதுக்குள்ள மருந்து வந்துருச்சுங்களா!" என்றாள் மயிலாள்.

ராக்கையாவின் விரதம் கலைந்தது. "உசுரக் காப்பாத்துனீங்கம்மா," என்று தேம்பினார்.

"அக்கா, நாளைக்கு லீவு சொல்லிக்கறனுங்க. டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் மயிலாள். வரிசையில் நின்ற ஒருவருக்கோ வேறு கவலை: "அப்ப எனக்கு மருந்து யாருங்க எடுப்பாங்க?"

ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தாலும் பனியனைத் தூக்கி ஓரமாய்ப் போடுகிற ஊர் இது. சாமியார் என்றால் மட்டும் செக்கிங்கே இல்லாமல் பாஸ் போடுவானேன்?