அத்தையின் நடையும் என் கத்தரியும்

குடும்ப அமைதியைக் காக்கும் பெரும்பொறுப்பை அந்தச் சனிக்கிழமை காலையில் நானே என் தோள்மேல் ஏற்றுக்கொண்டேன். காரணம், ஒரு பழைய வீடியோ கேசட்.

இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த நாளின் பதிவு அது. அத்தை, அதாவது என் மனைவியின் தாயார், படியேறி வருகிறார், அழகான காட்சி. பின்னர் நாற்காலியில் அமர்ந்து அறிவுரை வழங்குகிறார்; நீளமான காட்சி. இரண்டுக்கும் இடையில் சில நொடிகள், ஜன்னல் விளிம்பில் விரலை இழுத்துத் தூசி தேடியபடி அவர் நடக்கிறார். அவருக்குப் பின்னால் வயிற்றைத் தள்ளி, விரலை உயர்த்தி, அதே நடையை நான் நடக்கிறேன். அப்போது மேசைமேல் கேமரா ஓடிக்கொண்டிருந்தது என்பதே இந்தச் சனிக்கிழமை காலை கேசட்டைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் அத்தை அதைப் பார்க்க வருகிறார். அவர் கோபித்துக்கொண்டு பேசாமலிருந்தால் எனக்கு நட்டமில்லை. ஆனால் அத்தை பேசாத நாளெல்லாம் அவர் மகள் இருவருக்குமாகச் சேர்த்துப் பேசுவாள்.

“கேசட்டை நானே கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன்” என்றேன்.

“குடிச்ச டம்ளரை எடுத்து வைக்க ஆள் தேடறவருக்கு என்னங்க திடீர்னு?”

“உங்கம்மா படம்னா சும்மாவா?”

“ஓஹோ! எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னு குறிச்சா போதும். மத்ததெல்லாம் செட் பண்ணி வெச்சிருக்கேன். தொடாதீங்க.”

“தொடுவேனா?”

தொடவில்லை. அத்தை படியில் கால்வைத்ததும் ஒரு பொத்தான். என் வயிறு திரைக்குள் நுழையுமுன் ஒரு பொத்தான். நாற்காலியில் அமர்ந்ததும் மறுபடி. அறுவை மருத்துவர்கூட அத்தனை நுட்பமாக வெட்டியிருக்க மாட்டார். முதல் துண்டுக்கு ‘அத்தை வருகை’ என்றும், அடுத்ததற்கு ‘அத்தை அருளுரை’ என்றும் பெயரிட்டேன். மென்பொருள் கேசட்டைத் தானே முன்னும் பின்னும் ஓட்டிக் காட்சிகளைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் நிம்மதியாக உறங்கினேன்.

ஞாயிறு. திரைமுன் அத்தை. திரைக்குள்ளும் அத்தை, படியேறினார். முடிந்தது என்று நான் மூச்சுவிட்ட இடத்தில் படம் முடியவில்லை. வயிறு வந்தது. விரல் வந்தது. நடை வந்தது. அடுத்து நாற்காலிக் காட்சி தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் மறுபடியும் வயிறு, விரல், நடை!

“ரெண்டு தடவை வருதே!” என்று அலறினேன்.

“ஒவ்வொரு துண்டுக்கும் முன்னாலயும் பின்னாலயும் கொஞ்சம் சேத்துப் பிடிக்கும்படி வெச்சிருந்தேன்” என்றாள் மனைவி, சாவதானமாக. “அப்புறம் துண்டுகளை ஒட்டும்போது இடம் வேணுமில்ல?”

அத்தையின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று அஞ்சினேன். சிரிப்பு!

“அச்சு அசல் நானேதான்! வயிறு மட்டும் உங்களுது, மாப்பிள்ளை!”

உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல் நாற்காலியில் சரிந்தேன். மின்விசிறிக் காற்று அன்றுபோல் என்றும் இனித்ததில்லை.

“கோவமில்லையா அத்தை?”

“கோவமா? போன மாசமே எனக்கு இவ போட்டுக் காட்டிட்டாளே! நான் இன்னிக்குப் பாக்க வந்தது படத்தை இல்ல, உங்க முகத்தை.”

அவர் விரல் அலமாரியைச் சுட்டியது. அங்கே கேமரா, என்னையே பார்த்தபடி, சிவப்பு விளக்குடன் ஓடிக்கொண்டிருந்தது.

“அந்தக் கேசட்டையும் நீங்களே குறிச்சுக் குடுத்துடுங்க, மாப்பிள்ளை.”