பிரபஞ்சப் பெட்டிக்கு ஒரு பூசை

உலகத் தமிழர் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், பிரபஞ்சம் பிறந்த கணத்தை மறுபடி காட்டும் பொறுப்பை மலேசியாவின் ராவாங் தொழிற்சாலை சூப்பர்வைசர் தனபாலன் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

ஐரோப்பாவில் பிரபஞ்சம் பிறந்த கணத்தை அறிய ஈய அணுக்களை மோதவிட்டு, சிதறுவதைப் பதிவு செய்யும் ராட்சதக் கருவி ஒன்றைப் புதுப்பிக்கிறார்கள். அதற்கான உணர்தகடுகள் தனபாலனின் தொழிற்சாலையில் தயாராயின. உடனே அவருடைய சொந்த ஊரான ஜெராமின் கோயில் கமிட்டி அவருக்கு 'அணு விஞ்ஞானி' என்று பேனர் கட்டியது. அவரும் ஒரு வாரம் லீவு போட்டு, கோலா சிலாங்கூர் வட்டாரம் முழுக்க மாலையோடு படம் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வந்தால், ஐரோப்பிய முகவரி ஒட்டிய பெட்டி பேக்கிங் அறையிலேயே கிடந்தது.

"இன்னும் அனுப்பலையா? நல்லதாப் போச்சு. திலகம், பூசை போட்டு அனுப்புவோம்."

திலகம் பரிசோதனைப் பிரிவு ஆபரேட்டர். "சார், தூசு படக்கூடாதுன்னு நாமளே தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கிட்டு வேலை செய்றோம். இதுல திருநீறா?"

"புது லோரிக்கே பூசை போடுறோம். பிரபஞ்சத்துக்குப் போடாம விடுறதா? பெட்டி மேலதான் லா."

பெட்டிக்குப் பூசினார். சாமி மூடியைத் தாண்டி உள்ளே பார்க்குமா என்று சந்தேகம் வந்தது. மூடியைத் திறந்தார். திருநீற்றுப் பொட்டலம் கை நழுவித் தகட்டின் மேலேயே கொட்டியது.

"ஐயோ சார்!"

"கத்தாத. ஊதுனா போயிடும்."

போனது. இடுக்குகளுக்குள்.

"ஈரத்துணி கொண்டா!"

துடைத்தார். திருநீறு குழைந்து, தகடு பத்துமலைக்குக் காவடி எடுத்த பக்தரைப் போல பட்டை பட்டையாக நின்றது.

"காய வைக்கணும். ஹாட் ஏர் கன் எங்க?"

"சூடு தாங்காது சார்!"

தாங்கவில்லை. ஓரம் அப்பளமாகச் சுருண்டது.

தனபாலன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் வேலை போச்சு திலகம். ஊர்ல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நடப்பேன்? மேனேஜர்கிட்ட நானே போய்ச் சொல்லிடுறேன். உன் பேரை இழுக்க மாட்டேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு, ஸ்டோரில் வேலை செய்யும் அம்சவள்ளி டிராலியோடு வந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னா தம்பி, இதுக்கா ஒப்பாரி? நல்ல தகடெல்லாம் போன வாரமே பிளேன் ஏறிடுச்சு. இது சரியில்லைன்னு அங்கேருந்து திருப்பி அனுப்புன சாம்பிள். மேல ஒட்டியிருக்கிறது அனுப்புனவங்க முகவரி. நகருங்க, பழைய இரும்புக்காரன் கீழ நிக்கிறான்."