முதிரைப் பிடி போட்ட கைத்துப்பாக்கி

மனித குலத்துக்கு இங்கிலாந்து தேசம் அளித்த கொடைகள் மூன்று: ரயில், பாராளுமன்றம், நோர்பரித் தமிழர் கைத்துப்பாக்கி ஆலோசனைச் சபை. முதல் இரண்டிலும் இப்போது கோளாறுகள் தெரிகின்றன. மூன்றாவதன் கௌரவச் செயலாளராகிய கனகலிங்கம் நானேதான் என்பதால், அதில் கோளாறு எதுவும் இல்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

சபை 1988 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், தெற்கு லண்டன் நோர்பரியில் திரு. அம்பலவாணன் வீட்டு முன்னறையில் உதயமானது. ஒரு தரம் சுட்டதும் அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கியை எப்படித் தெரிவு செய்வது, தெரிவு செய்ததை எப்படி மனத்துக்குப் பிடித்தமாதிரி மாற்றியமைப்பது என்பவை பற்றி 'அனுபவபூர்வமான' கருத்துகளைத் திரட்டுவதே நோக்கம். அங்கத்தவர்கள் மூன்று பேர். மூவருக்கும் பதவி இருந்தது. மூவருக்கும் கருத்து இருந்தது. துப்பாக்கி ஒருவரிடந்தான் இருந்தது.

அந்த ஒருவர் தொழில்நுட்ப ஆலோசகர் லெட்சுமணன். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, கணக்காளராகி, இங்கேயே தங்கிவிட்டவர். குரொய்டன் பக்கத்தில் ஒரு சுடுகழகத்தில் பத்து வருட உறுப்பினர். துப்பாக்கியைப் பற்றி உண்மையில் தெரிந்தவர் என்பதால் அவரைக் கூட்டங்களில் அதிகம் பேச விடுவதில்லை.

தலைவர் அம்பலவாணன் யாழ்ப்பாணத்து அரசாங்க அலுவலகமாகிய கச்சேரியில் பிரதம இலிகிதராக இருந்து இளைப்பாறியவர். அதோடு சமாதான நீதவான். ஊரில் அவர் கையொப்பம் இல்லாமல் பிள்ளை பள்ளிக்கூடம் சேராது, பெரியவர் பென்சன் எடுக்க மாட்டார். போன வருடந்தான் டாக்டர் மகள் ஸ்பொன்சர் பண்ணி மனைவி சிவமலரோடு லண்டனுக்கு வந்தார். சமாதான நீதவானுக்குப் பிஸ்டல் எதற்கு என்று சில விசரர்கள் கேட்டார்கள். நாற்பது வருடம் சமாதானத்தைக் கட்டிக் காத்த மனிதர் கொஞ்சம் ஓய்வெடுக்கக் கூடாதா?

எங்கள் விவாதங்களின் ஆழத்துக்கு ஒரு சோறு பதமாக மாசி மாதக் கூட்டத்தைத் தருகிறேன்.

"முதல்ல கைய அளந்து பாக்கணும்லா," என்றார் லெட்சுமணன். "உங்க கை சின்னது. பெரிய பிஸ்டல் எடுத்தா விசைக்கு விரல் எட்டாது."

"கை சின்னன் எண்டதுக்காகத் துவக்கைச் சின்னனாக்க ஏலுமே?" என்றார் தலைவர். "நாலுபேர் பாக்கிற சாமான். ஒரு எடுப்பு வேணும்."

"நாலு பேரு பாக்க மாட்டாங்க. இரும்புப் பெட்டிக்குள்ள பூட்டி வைக்கணும். சட்டம்."

"பெட்டிக்குள்ள இருந்தாலும் எடுப்பு எடுப்புத்தான்."

நான் என் கருத்தை முன்வைத்தேன். சாம்பல் நிறமே உகந்தது, அழுக்குத் தெரியாது. நான் பிஸ்டலைத் தொட்டதில்லை. ஆனால் கார்ப்பெற் தெரிவு செய்த அனுபவம் உண்டு. கருத்து ஏகமனதாகக் குறிப்பேட்டில் ஏற்றப்பட்டது, ஏற்றியவன் நான்.

பங்குனி மாதக் கூட்டம் முழுவதும் துப்பாக்கி வாங்கும் சுபநேரத்தை வாக்கிய பஞ்சாங்கப்படி பார்ப்பதா, திருக்கணிதப்படி பார்ப்பதா என்பதில் போயிற்று. சித்திரையில் லண்டன் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போனதால் ராகு காலமும் கூடப் போகுமா என்பதை ஆராய்ந்தோம். லெட்சுமணன் இரண்டு கூட்டத்திலும் தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

ஆனி மாதத்தில் சபைக்கு ஒரு இடைஞ்சல் வந்தது. அதன் பெயர் பத்மநாதன்.

பத்மநாதன் பிளேஸ்டோவில் ஒரு அறையில் இருந்துகொண்டு பெற்றோல் செற்றில் ஷிப்ட் செய்தவர். அகதி விண்ணப்பம் போட்டிருந்தார். ஊரில் கோண்டாவிலில் ரேடியோ திருத்தும் கடை. 1986 செப்ரெம்பரில் ஒருநாள் மூன்று பேர் கடைக்குள் வந்து, தங்களுக்கு வோக்கி டோக்கி செய்து தரச் சொல்லி, அவர் தலையில் பிஸ்டலை வைத்தார்கள். எந்த இயக்கத்து ஆட்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த வருடம் ஊரில் அதைக் கேட்டவர்கள் எவரும் பிறகு எதையும் கேட்கவில்லை. பத்து நாள் தவணை கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்பதாம் நாள் அவர் ஊரை விட்டார்.

அந்த நேரம் கடைக்குள் நின்ற ஒரேயொரு வாடிக்கையாளர், திருத்தக் கொடுத்த ரேடியோவை எடுக்க வந்த சமாதான நீதவான் அம்பலவாணன்.

"அண்ணை, நீங்கள் கண்ணால கண்டதை ஒரு கடிதமா எழுதித் தந்தால் போதும்," என்றார் பத்மநாதன், கோட்டைக் கழற்றாமல் கதவடிக் கதிரையில் இருந்தபடி. "ஓகஸ்ட் முப்பத்தோராம் திகதிக்குள்ள குடுக்கவேணும். வேற ஒரு சாட்சியும் இல்லையெண்டால் என்னைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள் எண்டு லோயர் சொல்லுறார். அங்க போனால் என்னை வைச்சிருக்க மாட்டாங்கள், அண்ணை."

"அதுக்கென்ன தம்பி, எழுதினால் போச்சு," என்றார் தலைவர். சபை முறை சபை முறைதான். நிகழ்ச்சி நிரலில் ஏழாவது விடயமாகச் சேர்த்தோம். ஆறாவது விடயம் பிடி.

பிடி என்பது சாதாரண விடயமல்ல. கடையில் வாங்கும் பிஸ்டலில் பிளாஸ்ரிக் பிடிதான் இருக்கும். தலைவர் மரப்பிடி வேண்டுமென்றார். தேக்கு என்றேன் நான். வால்நட் என்றார் லெட்சுமணன். "முதிரை!" என்று தலைவர் மேசையில் தட்டினார். உள்ளே போய்ச் சிவமலரின் சீதன நகைப்பெட்டியைத் தூக்கி வந்தார். அசல் முதிரை. மூடியை வெட்டினால் இரண்டு பக்கத்துக்கும் காணும். நகைகள் பிஸ்கற் ரின்னுக்கு இடம்மாறின. சிவமலரின் முகத்தை நான் பார்க்கவில்லை.

"பிடியின்ர வடிவம் எப்பிடி இருக்கவேணும் எண்டால்," தலைவரின் கண் பளபளத்தது, "அண்டைக்கு இவன்ர கடையில கண்டன் பார், அது! அப்பிடியொரு சாமான் நான் சீவியத்தில கண்டதில்லை. கறுத்த உடம்பு, மண்ணிறப் பிடி. தம்பி பத்மநாதன், பிடியில வரி வரியா வெட்டியிருந்ததோ, கட்டம் கட்டமா வெட்டியிருந்ததோ?"

"தெரியேல்லை அண்ணை."

"என்ன காணும், உம்மட தலையில எல்லோ வைச்சிருந்தவங்கள்! நீர்தானே கிட்டப் பாத்தனீர்!"

"நான் மற்றப் பக்கத்தால பாத்தனான், அண்ணை. நீட்டேக்கை எனக்கு ஓட்டை மட்டுந்தான் தெரிஞ்சது."

பயனுள்ள தகவல் எதையும் தரத் தெரியாத மனிதர். ஆறாவது விடயம் முடியும்போது பத்மநாதனின் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. ஏழாவது ஒத்திவைக்கப்பட்டது. ஆடியிலும் இப்படியே. அவர் வந்தார், கோட்டோடு இருந்தார், போனார். நோர்பரியிலிருந்து பிளேஸ்டோவுக்கு ஒரு பஸ்சும் இரண்டு ரயிலும் எடுக்க வேண்டும் என்பதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. அது நிரலில் இல்லை.

ஓகஸ்ட் நடுவில், தலைவரின் அனுமதிப்பத்திர விண்ணப்பத்துக்காக ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். சுவரில் இறுக்கிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தார். சிவமலரின் வடை இரண்டு சாப்பிட்டார். பிறகு கேட்டார், "உங்கள் நாட்டில் சண்டை நடக்கிறதே, ஆயுதம் தூக்கியவர்களோடு எப்போதாவது ஏதாவது சம்பந்தம் ஏற்பட்டதா?"

"இல்லவே இல்லை," என்றார் தலைவர். "எங்கட பகுதி அமைதியான பகுதி. நான் அங்க ஒரு துவக்கைக் கண்ணாலயும் கண்டதில்லை." இதை நான் அழகான ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். உத்தியோகத்தர் எழுதிக்கொண்டு போனார்.

அதோடு ஏழாவது விடயம் 'சிக்கலான' விடயமாக உயர்வு பெற்றது. ஓகஸ்ட் இருபத்தெட்டாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, சபை இரண்டு கடிதங்களை நிறைவேற்றியது. தலைவர் சொல்ல இரண்டையும் ஆங்கிலத்தில், நகலோடு, தட்டச்சில் அடித்தவன் நான். இரண்டிலும் கையொப்பம் அவருடையது.

முதல் கடிதம், குரொய்டனில் துப்பாக்கிக்குப் பிடி செய்கிற திரு. பெர்கின்ஸுக்கு. இரண்டு முழுத் தாள். '1986 செப்ரெம்பர் 9, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்தரை மணியளவில், கோண்டாவிலில் ஒரு ரேடியோ கடையில், நான் மூன்று முழத் தூரத்தில் நின்று கண்ட கைத்துப்பாக்கியின் பிடியைப் போலவே எனக்கும் வேண்டும். அதை வைத்திருந்தவன் இடது கைக்காரன். கடைக்காரரின் வலது பொட்டில் அழுத்தி வைத்திருந்ததால் பிடியின் ஒரு பக்கம் முழுவதையும் என்னால் ஆறுதலாகப் பார்க்க முடிந்தது. ஏறத்தாழ ஐந்து நிமிடம். கடைக்காரர் நடுங்கியதால் பிடி சில தடவை மறைந்தது.' இதற்கு மேல் வெட்டு வரிகளின் எண்ணிக்கை, திருகாணி இருந்த இடம், அடியில் ஒரு கீறல். என்ன ஞாபகசக்தி!

இரண்டாவது கடிதம், குடிவரவு அதிகாரிகளுக்கு. அரைத் தாள். தலைவர் நாற்பது வருடமாக எல்லாருக்கும் கொடுத்த அதே நற்சான்றுப் பத்திரம். 'இவரை எனக்கு நீண்டகாலமாகத் தெரியும். நல்ல குடும்பத்தில் பிறந்தவர். ஊரில் எவரோடும் பகையில்லாதவர். எல்லாராலும் மதிக்கப்படுபவர். இவர் எங்கு சென்றாலும் நன்மையே அடைவார் என்று உறுதி கூறுகிறேன்.'

"இதில அந்தச் சம்பவம் இல்லையே, அண்ணை," என்றார் பத்மநாதன்.

"தம்பி, உம்மை நல்லவரெண்டு எழுதியிருக்கிறன். நல்லவரெண்டால் குடுப்பாங்கள்தானே? துவக்கு, சூடு எண்டு எழுதினால் உம்மையும் சந்தேகப்படுவாங்கள், என்னையும் சந்தேகப்படுவாங்கள். என்ர பேப்பர் பொலிஸில கிடக்கு."

பத்மநாதன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். தவணைக்கு மூன்று நாள் இருந்தது. வேறு சாட்சி இல்லை. "பெரிய உதவி அண்ணை," என்றுவேறு சொன்னார். அந்தக் காலத்து ஆட்களுக்கு நன்றி சொல்லாமல் எழும்பிப் போக வராது.

அதிகாரிகள் கடிதத்தைக் கவனமாக வாசித்திருக்கிறார்கள் என்பது ஐப்பசி தொடக்கத்தில் தெரிந்தது. பத்மநாதனுக்கு வந்த நிராகரிப்பில் எங்கள் தலைவரை மேற்கோள் காட்டியிருந்தார்கள்: நீண்டகால அனுபவமுள்ள சமாதான நீதவான் ஒருவரே விண்ணப்பதாரருக்கு ஊரில் பகையில்லை, மதிப்புண்டு என்று சான்று கூறுவதால், அவர் அச்சமின்றித் திரும்பிச் செல்லலாம். என் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைக்கூட அவர்கள் மாற்றவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அதே கிழமை தலைவருக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது. அடுத்த கூட்டத்தில், திருக்கணிதப்படி சுபநேரம் பார்த்து, முதிரைப் பிடி போட்ட பிஸ்டலை முன்னறைக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டினோம். லெட்சுமணன் கையில் எடுத்துப் பார்த்தார்.

"வேலை அருமை. ஆனா உங்களுக்கு விரல் எட்டாதுலா," என்றார்.

பெட்டிக்குள் பெர்கின்ஸ் ஒரு துண்டுக் கடிதம் வைத்திருந்தார். நான் தமிழில் வாசித்தேன். 'ஐயா, தாங்கள் எழுதியபடியே செய்திருக்கிறேன். நாற்பது வருடத்தில் இவ்வளவு நுணுக்கமாக எவரும் எனக்கு எழுதியதில்லை. பிடியைச் செதுக்கும்போதெல்லாம் ஒரே யோசனை. கேட்பதற்கு மன்னிக்கவும். அந்தக் கடைக்காரர் என்ன ஆனார்?'

சிவமலர் தேத்தண்ணித் தட்டை மேசையில் வைத்தார், கொஞ்சம் சத்தமாகவே.

"இஞ்சருங்கோ, அந்த மனுசன் கேக்குதெல்லோ. சொல்லுங்கோவன்."

"அது தொழில் சம்பந்தமான கேள்வி இல்லை," என்றார் தலைவர் பிடியைத் தடவியபடி.

சிவமலர் என் பக்கம் திரும்பினார். "கனகலிங்கம் அண்ணை, அந்தத் துவக்குக் கடிதத்தின்ர கொப்பி உங்களிட்டை இருக்குத்தானே? தாங்கோ. திகதி, நேரம், இடது கை எண்டு எல்லாம் கிடக்கு. நான் இப்பவே பிளேஸ்டோவுக்குக் கொண்டு போறன். அவரைப் பிளேனில ஏத்த இன்னும் பத்து நாள் இருக்கு. லோயர் ஏதும் செய்வார்."

"விசர்க் கதை கதைக்காதையும்!" தலைவர் எழும்பிவிட்டார். "நான் துவக்குக் கண்டனான் எண்டு எழுத்தில குடுத்தால் என்ர லைசென்ஸ் என்னாகிறது?"

"துவக்குக்காரனுக்கு எழுத்திலதானே குடுத்தனீங்கள்?"

"அது ஆசைக்கு எழுதினது. இது சாட்சியெல்லோ!"

நான் விதிகளை எடுத்துச் சொன்னேன். நகல் சபையின் உள்ளக ஆவணம், கைத்துப்பாக்கித் தெரிவு, மாற்றியமைப்பு ஆகிய நோக்கங்களுக்கு மட்டுமே உரியது. வாக்கெடுப்பு நடந்தது. கொடுக்கக் கூடாது என்று இருவர். லெட்சுமணன், "நான் உங்க ஊரு ஆளு இல்ல, எனக்கெதுக்கு வம்பு," என்று நடுநிலை வகித்தார். சிவமலருக்கு வாக்கில்லை, அவர் அங்கத்தவரல்லர். நகல் என் மடியில் கோப்புக்குள் இருந்தது. அவர் கையை நீட்டினார். நான் கோப்பை மூடினேன். அந்தக் கை நீட்டினபடியே நின்றதை இப்போது நினைத்தாலும் எனக்குத் தேத்தண்ணி இறங்குவதில்லை. ஆனால் விதி விதிதான்.

பத்மநாதனைக் குறித்த நாளில் விமானம் ஏற்றிவிட்டார்கள்.

பெர்கின்ஸுக்கு நானே மரியாதையாகப் பதில் எழுதினேன்: 'கடைக்காரர் நலம். லண்டனில் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதும், இம்மாத இறுதியில் ஊர் திரும்பிவிட்டார்.' அதன் பிறகு அந்த மனிதர் எங்கள் ரெலிபோனையும் எடுக்கவில்லை, எங்கள் வேலையையும் ஏற்கவில்லை.

"பாத்தீரே, கனகலிங்கம்," என்றார் தலைவர், மிகுந்த மனவருத்தத்தோடு. "இந்த வெள்ளைக்காரருக்கு எங்கட சனத்தில ஒரு துளி அக்கறை கிடையாது."

அதை அப்படியே குறிப்பேட்டில் ஏற்றினேன், ஏகமனதாக.