கிலோ அக்காவும் செருப்பு அறையும்

கடவுளே ஒரு பையோடு திருவனந்தபுரம் தம்பானூரில் வந்து இறங்கினாலும், கிலோ அக்கா அதைத் தூக்கிப் பார்த்துப் பாதியை வெளியே எடுத்துப் போட்ட பிறகுதான் மேற்கொண்டு பேசுவார். நாலு கையிலும் நாலு சாமான் எதற்கு, ரெண்டு போதாதா என்று கேட்கவும் செய்வார். நாங்கள் இருந்தது பெண்கள் ஹாஸ்டல் என்பதால் ஆண் தெய்வங்கள் வாசலோடு தப்பித்துக்கொள்ளலாம். அம்மனுக்கு அந்த வழியும் இல்லை.

அக்காவுக்கு ஒரு நல்ல பெயர் ஹாஸ்டல் ரெஜிஸ்டரில் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஊரின் பெரிய சந்தையான சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மொத்த வியாபாரக் கடையில் பில் போடும் வேலை. பகலெல்லாம் தராசைப் பார்த்துப் பழகிய கண், ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்தும் ஓயாது. நாங்கள் கட்டில் தலைமாட்டில் சாமி படம் மாட்டியிருந்தோம். அவர் கொக்கி வைத்த ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டியிருந்தார். காய்கறி வந்தால் எடை. கூரியர் வந்தால் எடை. பக்கத்து அறைப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி நகையோடு வந்து காட்டியபோது, எல்லாரும் டிசைனைப் பார்க்க, அக்கா மட்டும் உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார். "கழுத்து வலிக்கும்ட்டி. ஒரு மணிக்கூருக்கு மேல போடாத" என்று ஆசீர்வாதம் செய்தார்.

ஐம்பது வயதைத் தாண்டிய அந்த மனுஷியின் உடைமை மொத்தமும் ஒரு காக்கிப் பைக்குள் அடங்கும். சின்னப் பை. காசிக்குப் போனாலும் அதுதான், நாகர்கோவிலில் தம்பி வீட்டுக்குப் போனாலும் அதுதான், லீவு கிடைத்தால் ஏதாவது ஒரு மலையில் ஏறப் போனாலும் அதேதான். நான் ஒருமுறை ஏன் என்று கேட்டுத் தொலைத்தேன்.

"மலைக்கு ஒரு பை, ரயிலுக்கு ஒரு பை, கல்யாணத்துக்கு ஒரு பைன்னு வாங்கினா, பையெல்லாம் போட்டு வைக்க இன்னொரு பை வேணும்ட்டி. அது தேவையா?"

தேவையில்லைதான். சக்கரம் வைத்த பெட்டியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. பெட்டிக்குக் கால் முளைத்தால் மனுஷனுக்குக் கால் எதற்கு என்பார். பிளாட்பாரத்தில் கடகடவென்று பெட்டி உருட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து அவர் அனுதாபத்தோடு உச்சுக் கொட்டும் சத்தம் ரயில் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

இப்படிப்பட்டவருக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அகஸ்தியர்கூடம் மலையில் ஏறுவது. மழை பெய்து வெளுத்த காலையில் ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்றால் கிழக்கே மலை வரிசை தெரியும். பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்த்து நிற்பார். அக்கா பிறந்தது மலைக்கு அப்பால், திருநெல்வேலிப் பாபநாசத்தில். சிறு பெண்ணாக அந்தப் பக்கமிருந்து பார்த்த மலையை, பிழைக்க வந்த ஊரில் இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் பெண்களை ஏற விடமாட்டார்கள். வழி திறந்த பிறகோ வனத்துறை பாஸ் கிடைக்காது. கம்ப்யூட்டரில் பக்கம் திறப்பதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும். அந்த வருடம் எங்கள் ஹாஸ்டலில் இருந்த கோட்டயத்துக்காரி ஷைனி எப்படியோ விரல் வித்தை காட்டி மூன்று பாஸ் எடுத்துவிட்டாள். அவளுக்கு, எனக்கு, அக்காவுக்கு.

அக்கா குதிக்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு, "இந்த வருசம் முட்டு சம்மதிக்கும்ட்டி. அடுத்த வருசம் அது என் பேச்சைக் கேக்காது. ஏறினா இப்ப ஏறணும்" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

அந்த வாரமே காக்கிப் பையின் வார் அறுந்துவிட்டது. சாலைக் கடைத்தெருவில் தைப்பவரிடம் கொண்டுபோனால், ஊசி குத்தும் இடமெல்லாம் துணி உதிர்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். எனக்கும் பை வேண்டும். மலையிலிருந்து இறங்கிய மறுநாளே ஆபீஸ் வேலையாகக் கொச்சிக்குப் போக வேண்டியிருந்தது. போனில் ஒரு பையைப் பார்த்து வைத்திருந்தேன். இடுப்புக்கு ஒரு பெல்ட், நெஞ்சுக்கு ஒரு பெல்ட், எங்கெங்கோ தொங்கும் கயிறுகள், அறுபது லிட்டர். அக்காவிடம் காட்டினேன்.

"இதுக்குள்ள யாரை வச்சுக் கொண்டுபோகப் போற?"

"அக்கா, பெரிசா இருந்தா எல்லாம் வைக்கலாம்லா?"

"அதுதான்ட்டி சீக்கு. இடம் இருந்தா நீ வைப்ப. வீட்டுக்குப் பரண் கட்டினா எப்படிக் குப்பை சேருதோ அப்படி. பை சின்னதா வாங்கு, புத்தி தானா வரும்."

ஞாயிற்றுக்கிழமை மூவரும் சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். பைகளைச் சோதிக்க, அக்கா தன் கடையிலிருந்து மூன்று கிலோ பிடிக்கும் இரண்டு மஞ்சள் துணிப்பைகளில் அரிசி கட்டிக்கொண்டு வந்தார். பைக்கடை அண்ணாச்சி தென்காசிப் பக்கம். அக்கா படியேறுவதைக் கண்டதும், நல்ல பைகளில் இரண்டை மெதுவாக மேசைக்கு அடியில் தள்ளியதை நான் பார்த்தேன். அவர் பழைய அனுபவசாலி.

தேர்வு தொடங்கியது. முதலில் மடிப் பரீட்சை. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து பையை மடியில் வைப்பார். மோவாயில் இடித்தால் தள்ளுபடி. "பஸ்ஸுல மடியில உக்காராத பை, பையே இல்ல." அப்புறம் ஒரு கையால் ஜிப்பை இழுப்பார், மறு கை உதவிக்கு வந்தால் தள்ளுபடி. "மறு கையில கம்பியைப் பிடிச்சிருப்போம்லா?" அடுத்து வார்ப் பரீட்சை. பையை உத்தரத்துக் கொக்கியில் மாட்டி, ஷைனியை அதில் தொங்கச் சொன்னார். ஷைனி நல்ல ஆகிருதி. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா, வெலை கம்மியான பைக்கா. இவ்வளவு சோதிச்சா தாங்குமா?"

"வெலை கம்மின்னாதான் அண்ணாச்சி சோதிக்கணும். வெலை கூடினதை வாங்குதவன் அழுகதுக்குக் கையில காசு வச்சிருப்பான்."

கடைசியில் ஒரே மாதிரி இரண்டு பைகள் தேறின. எனக்கு நீலம், அக்காவுக்குச் சாம்பல் நிறம். மழைக்கு ஓர் உறை, பக்கத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு வலை, மடியில் பூனைக்குட்டி போல உட்காரும் அளவு. ஒரே குறை, அடியில் தனி ஜிப் வைத்து ஓர் அறை.

"இது என்ன?"

"செருப்பு அறைக்கா. இப்ப எல்லாப் பையிலயும் இதுதான் ஃபேஷன்" என்றார் அண்ணாச்சி பெருமையாக.

"காலுல கெடக்கவேண்டிய செருப்புக்கு முதுகுல வாடகைக்கு ரூமா?"

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த அறை எவ்வளவு கனம் தாங்கும் என்று காட்ட, மேசையில் இருந்த ஓர் அரிசிப் பையை எடுத்துச் சாம்பல் பையின் அடியறைக்குள் திணித்து ஜிப்பை மூடினார். இன்னொன்றை அக்கா மேலறையில் வைத்துக்கொண்டு, கிழக்கேகோட்டை வரை விறுவிறுவென்று நடந்து போய்த் திரும்பி வந்தார். வார் இறங்கவில்லை, தையல் விடவில்லை. "கொள்ளாம், நல்ல பைதான். ஆனா அந்தச் செருப்பு ரூம் எனக்கு இல்லைன்னு கணக்கு. நான் அதைத் தொறக்கவே மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் வாங்கினார்.

அன்றிலிருந்து தினமும் அந்த அரிசியோடு பையை மாட்டிக்கொண்டு ஹாஸ்டல் மாடிப்படியில் ஏறி இறங்கினார். பயிற்சியாம். துணி உலர்த்தப் போகும் நாங்கள் எல்லாம் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டோம்.

புறப்படும் காலையில் மாடிப்படிக் கைப்பிடியில் தராசு தொங்கியது. ஆளுக்கு நாலு கிலோ, அதற்கு மேல் ஒரு பொட்டுக்கூட ஆகாது. என் பையிலிருந்து இரண்டாவது ஜீன்ஸும் பவுடர் டப்பாவும் வெளியேறின. ஷைனியின் பையிலிருந்து ஹேர் டிரையர் வந்தது.

"சேச்சி, முடி நனைஞ்சா ஜலதோஷம் பிடிக்குமல்லோ?"

"காட்டுல அதை எந்த மரத்துல சொருகுவ?"

பிறகு அக்கா தன் பையின் மேலறையைக் கவிழ்த்து, அங்கிருந்த அரிசியை ஹாஸ்டல் சமையலறைக்குக் கொடுத்துவிட்டு, ஒரு மாற்றுடை, துண்டு, சுக்கு, டார்ச் என்று கச்சிதமாக அடுக்கினார். அவர் பையை யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை. கிலோ அக்காவின் பையை நிறுத்துப் பார்க்க யாருக்குத் துணிச்சல் வரும்? மலையேற்றம் தொடங்கும் போணக்காட்டில் வனத்துறைக் காவலர்கூட எங்கள் பைகளைக் குடைந்துவிட்டு, அக்காவின் பையைத் திறந்ததும் உள்ளே இருந்த ஒழுங்கைப் பார்த்து மரியாதையாக மூடிவிட்டார். "பேக் எந்நு பறஞ்ஞா இதா, இங்ஙனெ வேணம்" என்று அதை மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார். அக்கா ஓர் அங்குலம் உயர்ந்தார்.

அந்த உயரம் உச்சிவெயில் வரைதான் நின்றது. ஆறுகளைத் தாண்டும்வரை எங்களுக்கு முன்னால் போனவர், புல்மேட்டில் எங்களோடு வந்தார், ஏற்றம் தொடங்கியதும் பின்னால் போனார். முழங்கால் வந்து நெஞ்சில் இடிக்கும் அந்தச் செங்குத்தில் பத்தடிக்கு ஒருமுறை நின்றார். பையைக் கொடுங்கள் என்று நான் கை நீட்டினால், கையைத் தட்டிவிட்டார். "பதுக்கெ வந்நா மதி சேச்சி" என்று கூட வந்த வழிகாட்டி ஆறுதல் சொன்னது அவருக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. வழக்கமாக அடுத்தவரை மெதுவாக வரச் சொல்பவர் அவர்.

ஒரு பாறையில் உட்கார்ந்தவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் உச்சிக்குப் போயிட்டு வாங்கட்டி. நான் கேம்பிலயே இருந்துக்கிடுதேன். நான் கெழவியாயிட்டேன். வெளிய தெரியல, அவ்வளவுதான்."

ஊரில் எல்லாரையும் கேலி செய்யும் நாக்கு எனக்கு. அன்று பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டத்தான் செய்தேன். இத்தனை வருடம் மொட்டைமாடியில் நின்று பார்த்த மலையின் பாதியில் அவர் தன் தராசைக் கீழே வைத்துவிட்டதாகத் தோன்றியது.

ராத்திரி தங்கும் முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் அக்கா பையைக் கழற்றிப் போட்டுவிட்டு மூலையில் சாய்ந்துவிட்டார். பாய் விரிக்க இடம் பண்ணுவதற்காக ஷைனி அந்தப் பையை ஒரு கையால் தூக்கப் போனாள். தூக்க முடியவில்லை.

"எந்தா சேச்சி இது? அம்மிக்கல்லோ?"

பையை அங்குமிங்கும் அமுக்கிப் பார்த்தவள், அடியில் இருந்த ஜிப்பை இழுத்தாள். செருப்பு அறைக்குள்ளிருந்து, கட்டுக்கூடக் குலையாமல், மஞ்சள் துணிப்பை ஒன்று வெளியே வந்து தரையில் உட்கார்ந்தது.

அக்கா எழுந்து வந்தார். துணிப்பையை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார்.

"மூணு கிலோ" என்றார். "அண்ணாச்சி வச்ச அரிசி."

இல்லை என்று கணக்கு வைத்த அறையை அவர் நிஜமாகவே திறக்கவில்லை. இத்தனை நாள் படியேறிப் பழகியதில் முதுகும் அதைச் சொந்தமாக எடுத்துக்கொண்டுவிட்டது. நான் அவர் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். அக்கா கண்ணைத் திறந்தார்.

"ஏட்டி... அப்ப நான் கெழவி ஆகலியா?"

"இல்லக்கா."

"அரிசியாட்டி இது! நான் வயசுன்னுல்லா நெனச்சேன்!"

அவர் சிரித்த சிரிப்பில் முகாம் கூடத்தில் இருந்த முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர் வழிந்தது. எனக்கும்தான். அரிசியைக் கேன்டீனில் கொண்டுபோய்க் கொடுத்தார். "அரி சுமக்கான் இவிடெ வேறெ ஆளுண்டு சேச்சி" என்று சமையல்காரர் கஞ்சியில் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினார்.

மறுநாள் தண்ணீர் பாட்டிலும் துண்டும் மட்டும் வைத்த பையோடு அக்கா ஏறிய ஏற்றம் இருக்கிறதே, வழிகாட்டியே ஓடிப்போய்த்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பாறையில் கயிற்றைப் பிடித்து ஏறும்போது திரும்பி, "ஷைனி, ஹேர் டிரையர் கொண்டு வந்திருக்கலாமோ?" என்று கேட்குமளவுக்கு அவருக்குத் தெம்பு இருந்தது. உச்சியில் நேராகக் கிழக்கு ஓரத்துக்குப் போனார். கீழே பாபநாசத்துப் பக்கம் மேகம் விலகி விலகி மூடியது.

"அங்கேருந்து இங்க பாத்தேன். இப்ப இங்கேருந்து அங்க பாக்கேன். அவ்வளவுதான்ட்டி" என்றார். அவ்வளவுதான் என்றவரை அங்கிருந்து கிளப்ப நானும் ஷைனியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஹாஸ்டலில் ஒரு புதுச் சம்பிரதாயம் வந்தது. அக்கா எங்கே கிளம்பினாலும் பையோடு என் அறை வாசலில் வந்து, முதுகைக் காட்டி நிற்பார். "தூக்கிப் பாருட்டி." நான் தராசில் மாட்டி முள்ளைப் பார்த்து, அடி ஜிப்பைத் திறந்து, காலி என்று சொன்ன பிறகுதான் படியிறங்குவார். நான் சென்னைக்கு வேலை மாறி வந்த பிறகும் அது நிற்கவில்லை. வீடியோவில் கூப்பிட்டுத் தராசு முள்ளைக் காட்டுவார். நானும் ஆபீஸ் மீட்டிங்கிலிருந்து எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

போன மாதம் சென்னைக்கே கிளம்பினார், என்னைப் பார்க்க. வழக்கம்போல் போன் வந்தது. சாம்பல் பை கொக்கியில் தொங்கியது. முள் நாலு கிலோவைத் தாண்டி நின்றது. எனக்கு வந்ததே சந்தோஷம். இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கிலோ அக்கா கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறார்.

"அக்கா, கூடுதல்! அந்தச் செருப்பு அறையைத் திறந்து காட்டுங்க."

திறந்து காட்டினார். சாலைக் கடைத்தெருவின் நேந்திரங்காய் வறுவலான உப்பேரி, பொட்டலம் பொட்டலமாக, ஜிப் மூட முடியாதபடி இருந்தது.

"அது உனக்குள்ளதுட்டி" என்றார் அக்கா. "அதை எடையில சேக்கப்பிடாது."