கம்பெனி பஸ்ஸின் பாட்டுப்பெட்டிக்குக் கலைவாணன் படையெடுத்த படலம்

வாழிய கலைவாணன்! மணலே புனலாய் ஓடும் பாலாற்றங்கரை ஓரிக்கைக்கு உரியோன், நாவினால் நாடாள்வோன், ஏழு சுரங்களுக்கும் எட்டுக்கோடித் தமிழர்க்கும் ஒரே மூச்சில் தீர்ப்புரைக்க வல்லோன், இசைக்கு எல்லைக்கல் நட்டவன், அரசியலுக்கு அடிமுடி கண்டவன், பல்லவரும் சோழரும் பின்வந்தோரும் மாறிமாறி ஆண்டு முடித்த கச்சி மாநகரில் எவர் கண்ணுக்கும் படாது எஞ்சிக் கிடந்த ஒரு பெருநிலத்தைத் தன் வெண்குடைக்கீழ்க் கொணர்ந்தவன், வாழிய, வாழிய! அந்தப் பெருநிலம் கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டு. ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரியும்.

கதிரவன் தன் ஏழு குதிரைகளைப் பூட்டுமுன்னரே டிரைவர் கந்தன் தன் ஒரே பஸ்ஸைப் பூட்டுவான். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மரவாடிக்குப் பக்கத்துக் காலிமனையிலிருந்து கிளம்பும் அவ்வூர்தி, பூக்கடைச் சத்திரம், செவிலிமேடு, ஓரிக்கை என்று ஆங்காங்கே நின்று, முற்றிய நெற்கதிர்போல் தலை கவிழ்ந்து உறங்கும் மாந்தரை அள்ளிக்கொண்டு, வாலாஜாபாத் சாலை வழியாக, காரின் சன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் சிறு மோட்டார் செய்கின்ற ஒரு தொழிற்சாலையில் கொண்டுபோய்க் கொட்டும். அவ்வூர்தியின் முகப்பில், எலுமிச்சம்பழத்துக்கும் பிள்ளையாருக்கும் நடுவே, நைலான் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டு ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வீற்றிருந்தது. அதனோடு எவன் கைப்பேசி இணைகிறதோ அவனே அன்றைய வேந்தன். ஓராண்டாய் வேந்தன் கலைவாணனே.

அவன் கொள்கைகளை இங்கே சுருங்கச் சொல்வது நம் கடன். அவன் ஒருநாளும் சுருங்கச் சொன்னதில்லை. இசையைப் பற்றி அவன் கண்ட முடிபு இது: தனக்கு மீசை அரும்பிய ஆண்டு முதல் தனக்குத் திருமணமான ஆண்டு ஈறாக வெளிவந்த பாட்டே பாட்டு, அதற்கு முன் வந்தது ஒப்பாரி, பின் வந்தது பாத்திரக்கடையில் யானை. மாநில அரசியலைப் பற்றி அவன் கண்ட முடிபு இது: ஆளுங்கட்சி கெடுத்தது, எதிர்க்கட்சி கெடுக்கவிட்டு வேடிக்கை பார்த்தது, புதுக்கட்சி இனிமேல்தான் கெடுக்கவேண்டும், மக்கள் ஏற்கெனவே கெட்டுவிட்டார்கள். இலவசங்களால் நாடு பாழானது என்பதை அவன் நாள்தோறும் கட்டணமில்லாத கம்பெனி பஸ்ஸில் கால்நீட்டி அமர்ந்தபடியே மெய்ப்பித்தான். செய்தித்தாளை அவன் விரல் தீண்டியதில்லை. தொலைக்காட்சிச் செய்திக்கு அவன் செவி சாய்த்ததில்லை. நடப்பது தெரிந்துவிட்டால் கருத்தின் தூய்மை கெட்டுவிடும் அல்லவா?

பாட்டு அவனுக்குப் பாட்டன்று, பீடிகை. பல்லவி முடிந்து புல்லாங்குழல் எழும் தறுவாயில், சினம் தணிக்கும் முனிவன்போல் கையுயர்த்தி ஒலியைக் குறைப்பான். பிறகு பின்னால் திரும்பி முழங்குவான்:

"இந்தக் குழலைக் கேளுங்கப்பா! இந்த மாதிரி ஒருத்தன் இன்னிக்கு ஊதுவானா? மாட்டான். ஏன் மாட்டான்? ஓட்டுக்குத் துட்டு வாங்கறான். துட்டு வாங்கறவனுக்கு மூச்சு எங்கருந்து நிக்கும்?"

குழலுக்கும் ஓட்டுக்கும் இடைப்பட்ட இந்தப் பெரும்பள்ளத்தை அவன் ஒரே தாவலில் கடப்பதைக் கண்டு, அடுத்த சீட்டு முருகேசன் "ஆமாம்பா" என்று சொல்லிவிட்டு மீண்டும் உறங்குவான். அந்த ஓர் "ஆமாம்பா" போதும். அவையோர் ஆயிரம் பேர் எழுந்து ஆர்ப்பரித்ததாகக் கலைவாணன் நெஞ்சு விம்மும்.

ஏனெனில் இப்பேருலகில் அவன் சொல்லுக்கு வேறு அவை இல்லை. இல்லத்தில் "நம்ம ஸ்டேட்டுல..." என்று அவன் தொடங்கிய கணமே அவன் மனைவி வடிவு மிக்ஸியைப் போட்டுவிடுவாள்; அதுவும் அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி. தொழிற்சாலையிலோ காதடைப்பான் அணியாமல் உள்ளே விடமாட்டார்கள். பகல் முழுதும் பேச்சில்லா வனவாசம், இரவு முழுதும் மிக்ஸி. இடைப்பட்ட பஸ் பயணம் ஒன்றே அவன் செங்கோல் செல்லும் எல்லை. அந்த ஸ்பீக்கர் கைநழுவினால், கருத்துகள் அனைத்தும் உள்ளேயே தங்கிப் புளித்து அவனையே கொல்லும்.

இங்ஙனம் ஆட்சி இனிது நடந்த நாளில், கடைசி சீட்டு மணிவண்ணன் ஒருமுறை எழுந்து, "அண்ணே, ஒரே ஒரு பாட்டு என் போன்லேருந்து போடட்டுமா?" என்று கேட்கத் துணிந்தான். மனுவுக்கும் வாய்க்காத தெளிவோடு அன்றே கலைவாணன் ஒரு சட்டம் இயற்றினான்: "மொதல்ல ஏறுறவன் போனுதான் பாடும். அதான் ரூல்!" ஓரிக்கைக்கு முன்னரே செவிலிமேட்டில் பலர் ஏறிவிடுகிறார்கள் என்பதை அவன் கருதவில்லை. அவர்கள் ஏறியவுடன் உறங்குபவர்கள்; உறங்குபவரைச் சட்டம் எண்ணுவதில்லை. பாவில் அறுந்த ஓர் இழையைப் பாராமல் நெய்துகொண்டே போகும் நெசவாளனைப்போல அவனும் ஆண்டுகொண்டே போனான்.

சட்டமன்றத் தேர்தல் நெருங்கிச் சுவரெல்லாம் சின்னம் பூத்த பங்குனியில், அவ்விழை அறுந்த இடத்தில் வந்து நின்றாள் தேவிப்ரியா. தரச்சோதனைப் பிரிவில் புதிதாய்ச் சேர்ந்தவள்; செவிலிமேட்டில் ஏறுபவள்; உறங்காதவள். அன்று ஓரிக்கையில் கால் வைத்த கலைவாணனின் செவியில், பறையும் உறுமியும் பிளாஸ்டிக் குடமும் கூடிக் குமுறும் ஒரு புத்தம்புதுக் குத்துப்பாட்டு, கடல்கோள்போல் வந்து மோதியது. பிள்ளையார் ஆடிக்கொண்டிருந்தார். எலுமிச்சம்பழமும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இதுல என் போனுதான் கனெக்ட் ஆவும்."

"ஏன்ணா? ஃபர்ஸ்ட் ஏறுறவங்கதானே? நீங்க வெச்ச ரூலுன்னு கந்தன் அண்ணன் சொன்னாரே."

"ஆமா சார், நீங்கதான சொல்லிக்கினே இருப்பீங்க?" என்றான் கந்தன், சாலையைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

கலைவாணன் திரும்பித் தன் படைத்தலைவனை நோக்கினான். முருகேசன் விழித்திருந்தான். ஓராண்டாய் விழிக்காத முருகேசன், தொடையில் தாளம் போட்டபடி, "பாட்டு நல்லாத்தாம்பா இருக்குது" என்றான். அந்தோ! உற்ற தம்பி பகைவர் பாசறை புக்க காட்சியைக் கண்ட அண்ணன்மாரும் இத்துணைத் துயருற்றிரார். அன்று வாலாஜாபாத் வரைக்கும் மாநில அரசியலைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மாநிலமும் அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

சட்டத்தை மாற்றலாமே என்பீர். மாற்றினால் இயற்றியவன் பிழை செய்தான் என்றாகும். பிழை செய்வது கட்சிகளின் தொழில், கலைவாணனுடையதன்று. ஆதலின் அவன் சட்டத்தைத் தொடாமல் நிலப்பரப்பை மாற்றத் துணிந்தான். மறுநாள் இருள் பிரியுமுன், குல்லா கவிழ்த்து, கழுத்தில் துண்டு சுற்றி, மொபெட் என்னும் வெள்ளைப் பரிமேல் ஆரோகணித்து, தெருநாய்கள் இருமருங்கும் கட்டியங்கூறத் துரத்திவர, ஓரிக்கை விட்டுச் செவிலிமேட்டை அடைந்து, தேவிப்ரியாவின் நிறுத்தத்தில் தேவிப்ரியாவுக்கு முன்னே ஏறினான். வென்றான்! அன்று குழல் எழுந்தது, ஒலி தணிந்தது, பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து விட்டதால்தான் மெல்லிசை செத்தது என்ற அரிய உண்மை, பஸ்ஸில் இருந்த பெண்கள் எல்லாருக்கும் விளக்கப்பட்டது.

"அண்ணா, உங்க ஸ்டாப்பு ஓரிக்கைதானே?" என்றாள் தேவிப்ரியா.

"காத்து வாங்க வந்தேம்மா."

"மொபெட்ல துண்டு கட்டிக்கினா?"

பின்சீட்டில் சிரிப்பொலி. வீரன் அதைக் கரவொலி என்று கொண்டான்.

அடுத்த நாள் செவிலிமேட்டில் அவன் ஏறியபோது குத்துப்பாட்டு ஏற்கெனவே முழங்கிக்கொண்டிருந்தது. பூக்கடைச் சத்திரத்தருகே இருக்கும் சித்தி வீட்டில் இரவு தங்கி, அங்கேயே ஏறிவிட்டிருந்தாள் அவள். "சித்தி இட்லி நல்லா ஊத்துவாங்கண்ணா" என்பதற்குமேல் ஒரு விளக்கமும் தரவில்லை. போதாக்குறைக்கு, பஸ்ஸில் போகிறவர்களுக்கென்று இருக்கும் வாட்ஸப் குழுவில், காலையில் எந்தப் பாட்டு வேண்டும் என்று ஒரு வாக்கெடுப்பும் வைத்தாள். பழைய பாட்டுக்கு ஒரே ஒரு வாக்கு விழுந்தது. யார் போட்டது என்று குழுவுக்கே தெரியும்; அவரவர் பெயரும் படமும் பக்கத்திலேயே வருகிறதே. மக்களாட்சியின்மீது அன்றே நம்பிக்கை இழந்த கலைவாணன், "அறிவிலிகள் அவையில் அறிஞனுக்கு இடமில்லை" என்று தட்டெழுதி, அதில் விழுந்த இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, அனுப்பிவிட்டுக் குழுவைவிட்டு வெளியேறினான். அவன் வெளியேறியதைக் குழு ஒரு சாம்பல்நிற வரியால் அறிவித்தது. கீழே ஒருவர் கைகூப்பிய படம் போட்டார்.

இனி எஞ்சியது மூலபலம். எந்த நிறுத்தத்துக்கும் முந்திய நிறுத்தம், ஊர்திகளின் ஊற்றுக்கண், கந்தன் இரவில் பஸ்ஸை நிறுத்தும் அந்த மரவாடிக் காலிமனை! அங்கே ஏறினால் அதற்கு முன் ஏற ஓர் இடம் இப்புவியில் இல்லை. இத்திட்டம் உதித்ததும் அண்டமே அவனுக்கு உடன்பட்டது போலும்: மாதக்கணக்காய்ச் செவியைத் துளைத்த ஆட்டோ ஒலிபெருக்கிகள் ஓய்ந்தன, சின்னம் கேட்டுக் கூவிய குரல்கள் அடங்கின, கொடி கட்டிய ஜீப்புகள் மறைந்தன, இரண்டு நாளாகக் காஞ்சிபுரம் ஊமையாகிக் கிடந்தது. என் வெற்றி முழக்கத்துக்காக ஊரே தொண்டையை மூடிக்கொண்டது என்று கலைவாணன் கொண்டான். வேறெப்படிக் கொள்வான்?

படை புறப்பட்ட வைகறை இது. வடிவு உறங்கினாள், மிக்ஸியும் உறங்கியது. மொபெட் முழங்கிற்று. வழியில் ஒரு பள்ளிக்கூடம் அந்நேரத்திலேயே விளக்கெரிய விழித்திருந்தது; வாயிலில் துப்பாக்கி ஏந்திய காவலர் இருவர் கொட்டாவி விட்டனர்; தெருவில் சுண்ணாம்பால் ஒரு நெடுங்கோடு வரைந்திருந்தது. மன்னர் செல்லும் வழியில் கோலமிடுவதும் காவல் வைப்பதும் மரபன்றோ? அவன் காவலருக்குத் தலையசைத்துக் கடந்தான். அவர்கள் மீண்டும் கொட்டாவி விட்டனர்.

காலிமனையில் பஸ் கரிய யானைபோல் நின்றது. அதன் கதவு பூட்டியிருக்கவில்லை. ஏறினான், அமர்ந்தான், கிழிந்த ரெக்சின் அவனை அறிந்து அழுத்தமாய் வரவேற்றது. ஸ்பீக்கரின் நீலக்கண் சிமிட்டி இணைந்தது. வயலின்கள் எழுந்தன, குழல் எழுந்தது, கையுயர்த்தி ஒலியைத் தணித்து, உறங்குவோரும் இல்லாத அந்த வெற்றிருக்கைகளை நோக்கித் திரும்பி, இத்தனை நாள் பசியும் ஒருசேர எழ அவன் முழங்கினான்: "நம்ம ஸ்டேட்டுல நடக்கற ஒவ்வொண்ணும் எனக்கு அத்துப்படி! இந்தத் தடவ ஜனங்க என்ன பண்ணப்போறாங்கன்னு நான் இப்பவே சொல்றேன்..."

கடைசி சீட்டிலிருந்து ஒரு போர்வை எழுந்தது.

"யாருபா அது? சாரா? இன்னா சார், இந்நேரத்துல?"

"கந்தா, நல்லா பாத்துக்கோ. நாந்தான் ஃபர்ஸ்ட். இதுக்கு முன்னாடி ஏற ஸ்டாப்பே கெடையாது. அந்தப் பொண்ணு வந்தா நீயே சாட்சி சொல்லு."

கந்தன் போர்வையை மடித்தான். தலையைச் சொறிந்தான்.

"அது வராது சார். யாருமே வரமாட்டாங்க. குரூப்புல போட்டாங்களே, பாக்கலியா? இன்னிக்கு எலெக்சன் சார். ஓட்டு போடற நாளு. கம்பெனி லீவு. வீட்ல விருந்தாளுங்கன்னு நான் இங்க வந்து தூங்கிக்கினு இருந்தேன். இனிமே எங்க தூங்கறது, எழுந்து போயி மொதோ ஆளா குத்திட்டு வந்துடறேன். உங்களுக்கு எந்த ஸ்கூலு சார்?"

எந்தப் பள்ளிக்கூடம் என்று கலைவாணனுக்குத் தெரியவில்லை.