கால் முளைத்த நல்வரவு

தமிழ் எழுத்துகளை ஓரிடத்தில் நிற்கவே விடாத பிறவி இவ்வுலகில் ஒன்றுதான். அவள் 1996 ஜூலை 8, திங்கட்கிழமை, காலை ஏழேகால் மணிக்குக் கோவையில் எங்கள் விடுதி அறைக்குள் நுழைந்தாள். அளவுகோல் வைத்து எழுதிக் கதவில் நான் ஒட்டியிருந்த என் பெயருக்கு, பெட்டியை இறக்கும் முன்பே ஒரு வாலும் இரண்டு செருப்புகளும் வரைந்தாள்.

"சும்மாவே நின்னுட்டிருந்துச்சு அம்மணி. பாவம், கால் வலிக்குமில்ல?"

உடுமலைப்பேட்டைத் தென்னந்தோப்புக்காரர் மகள், கணித மாணவி. அவள் எழுத்துகள் பாகில் ஊறியவைபோல் உருண்டு திரண்டிருந்ததால் விடுதியே அவளை ஜாங்கிரி என்றழைத்தது. அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பல் துலக்கியபடியே வாளிகளில் பெயர் எழுதுவாள். மெய்யெழுத்துகளின் புள்ளிகள் பலூன்களாகப் பறக்கும். உணவுப் பலகையில் அவள் எழுதிய 'உப்புமா'வைக் கண்டு முண்டியடித்தவர்களுக்குத் தட்டில் கிடைத்தது பழைய உப்புமாவேதான்.

வினை, அவள் எழுதிய 'நாளை தண்ணீர் வராது' என்ற அறிவிப்பில் வந்தது. எழுத்துகள் துண்டைக் கட்டிக்கொண்டு நீச்சலடித்தன. எல்லோரும் சிரித்தார்கள், எவரும் வாளி நிரப்பவில்லை. மறுநாள் வார்டன் தலை நிறையச் சீயக்காயுடன் வெளியே வந்தார்.

"இனியொரு எழுத்துக்குக் கால் முளைச்சுது, நீ ஊட்டுக்குப் போயிரலாம். ஞாயித்துக்கிழமை விடுதி விழாவுக்கு உங்கப்பாவ வரச் சொல்லியிருக்கறேன்."

விடுதியில் இடமில்லையென்றால் படிப்பும் இல்லை என்பது அவள் அப்பாவின் நிபந்தனை. ஜாங்கிரி அந்த வாரம் முழுவதும் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தாள்.

விழாப் பதாகை என்னிடம் வந்தது. "வளையாம நெளியாம எழுதோணும்" என்றார் வார்டன். வெள்ளைத் துணியில், தடித்த கருப்புக் கரைக்குள், மயிரிழையும் பிசகாமல் 'நல்வரவு' என்று எழுதினேன். ஞாயிறு காலை அது வாசலில் ஏறியது.

பால்காரர் தலைத்துண்டை அவிழ்த்தார். எதிர்வீட்டு அம்மாள் வானொலியை அணைத்தார். தூரத்திலிருந்து எவரும் வாசிக்கவில்லை. கருப்புக் கரை கட்டிய வெள்ளைத் துணியே போதுமாக இருந்தது. டீக்கடைக்காரர் ரோஜா மாலையுடன் வந்து வார்டனிடம் தணிந்த குரலில் கேட்டார்:

"ஏனுங்க, எப்ப எடுக்கறாங்க?"

அந்நேரம் பேருந்திலிருந்து இறங்கிய ஜாங்கிரியின் அப்பா வாசலைப் பார்த்தார். தோளிலிருந்த மூட்டை விழுந்து தேங்காய்கள் சாலையெங்கும் உருண்டன. "என்ற கண்ணு எங்கீங்க?" என்று அலறியபடி ஓடிவந்தார்.

"அப்பா, ஏனிப்படி ஓடியாறீங்க?" என்று கேட்டபடி மாடிப்படியில் நின்றாள் ஜாங்கிரி.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வார்டன் குற்றப்பட்டியலைத் தொடங்கினார்.

"உசுரோட இருக்கறா, போதுமுங்க! எழுத்து ஆடுனா ஆடிட்டுப் போவுது. எம்புள்ள இங்கயே படிக்கட்டும். மொதல்ல அந்தத் துணிய எதாச்சும் பண்ணுங்க!"

வார்டன் பதாகையைப் பார்த்தார். தம் கையில் திணிக்கப்பட்டிருந்த மாலையையும் பார்த்தார்.

"ஜாங்கிரி, பெயிண்ட்டை எடு."

"கால் வெக்கலாங்களா மேடம்?"

"வெச்சுத் தொலை. விருந்தாளி வாரதுக்குள்ள!"

அரைமணி நேரத்தில் கருப்புக் கரை மாவிலைத் தோரணமாயிற்று. என் எழுத்துகள் செருப்பணிந்து கைகூப்பின. சிறப்பு விருந்தினர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

மறுநாள் காலை, ஜாங்கிரி எழுவதற்கு முன், என் நோட்டு அட்டையில் இருந்த பெயரின் கடைசி எழுத்துக்கு இரண்டு கால்கள் வரைந்தேன். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. அளவுகோலை எடுத்தேன், பிறகு, அவள் பார்க்கட்டும் என்று, அப்படியே விட்டுவிட்டேன்.